தர்ஷினிக்கு நான் போட்ட மதிப்பெண்

ஜூலை 15, செவ்வாய். குன்னூர்.

இன்று மூன்றாம் வகுப்புக்கு டேப்லெட்டில் தமிழ்த் தேர்வு. தர்ஷினி எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். நேரம் முடியப் போகிறதே என்று பதறி, டேப்லெட்டை அவள் கையிலிருந்து வாங்கி மீதி விடைகளை நானே தொட்டுவிட்டேன். என் வகுப்பின் சராசரி குறைந்துவிடும் என்ற பயம்தான்.

மதியம் மதிப்பெண் பட்டியல் வந்தது. தர்ஷினி இரண்டாம் இடம். எல்லோரும் கைதட்ட, அவள் மட்டும் என் மேசைக்கு வந்தாள்.

"டீச்சர், அது நான் போட்டதில்லீங்க. இனி சாயந்தர கிளாஸுக்கு என்னைய சேத்த மாட்டாங்களா?"

படிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கான வகுப்பு அது. மதிப்பெண் கூடியதால் அந்த வகுப்புக்கான பட்டியலிலிருந்து அவள் பெயர் நீங்கியிருந்தது. நான் அதை யோசிக்கவே இல்லை.

நாலு மணிக்குத் தலைமை ஆசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"மேல எழுதித்தான் ஆகணும். உங்க பேரும் வரும்ங்க" என்றார்.

"எழுதுங்க மேடம்."

பஸ்ஸுக்கு நின்ற தர்ஷினியிடம், நாளை அவளே மறுபடி தேர்வு எழுதலாம் என்றேன்.

"தப்பாப் போட்டா பரவால்லீங்களா டீச்சர்?"

"பரவால்ல கண்ணு."

உடனே சிரித்தாள். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.