தூரோடு தோண்டுகிறோம்

பாரிங்கோ ஏரிக்கரை,
வியாழக்கிழமை.

நசியேக்குவின் அப்பாவுக்கு, உங்கள் மனைவி நோல்கிசருனி எழுதுவது. நானும் மகளும் நலம். மொம்பாசா வெக்கையில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? வேலை வேலை என்று வயிற்றைக் காயப்போடாதீர்கள்.

கரி வேலையை விட்டுவிடும்படி போனில் ஒரு வரி அனுப்பியிருந்தீர்கள். ஒரு வரியில் பதில் சொல்கிற விஷயமா இது? அதனால்தான் கடிதம். மொம்பாசா பஸ்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன், நாளைக்கே கிடைத்துவிடும்.

மாதெங்கே முள்மரம் நம் மேய்ச்சல் நிலத்தை விழுங்கியது உங்களுக்குத் தெரியும். முதல் வருஷம் நாங்கள் பெண்கள் பன்னிரண்டு பேர் அதை முழங்கால் உயரத்தில் வெட்டினோம். ஒன்று நின்ற இடத்தில் ஆறு முளைத்தது. என் முட்டாள்தனம்தான், குனியச் சோம்பல். இப்போது மண்ணுக்குள் ஒரு முழம் இறங்கித் தூரோடு எடுக்கிறோம். கட்டையைத் தகர உருளைக்குள் மூட்டம் போடுகிறோம். கரித்தூளை மரவள்ளிக் கஞ்சியில் பிசைந்து உருண்டை பிடித்து விற்கிறோம். தோண்டிய இடத்தில் புல் விதைக்கிறோம். எட்டு வருஷம் கழித்து நம் ஆடுகள் அங்கே மேய்கின்றன.

செவ்வாயன்று உங்கள் அண்ணன் நகுரு நகரத்து வியாபாரி ஒருவனைக் கூட்டி வந்தார். மீதி மரங்களை அவனுக்குப் பேசி முடித்துவிட்டாராம். அவன் ஆட்கள் இடுப்பளவில் அறுத்துப் பருத்த கட்டையை மட்டும் கொண்டுபோவார்களாம். தூரை என்ன செய்வாய் என்று கேட்டேன். "அது உங்க பாடும்மா" என்று சிரித்தான். நாங்கள் ஆளுக்கொரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டோம். முள் குத்தியது, எழுந்திருக்கவில்லை. ரம்பம் வந்த வழியே திரும்பிப் போனது.

உங்கள் அண்ணனுக்குத் தாங்கவில்லை. "கையக் கரியாக்கிக்கிட்டு எம் மானத்த வாங்குறியா? உம் மவ கல்யாணத்துல பால் உமிழ்ந்து ஆசி குடுக்க நான் வரமாட்டேன், பாத்துக்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். "கரி கழுவுனாப் போயிரும் பெரியவரே, நிலம் போனா வருமா?" என்று நானும் கேட்டுவிட்டேன். கேட்டது தப்பென்று இப்போதும் நினைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அழுதேன், அதையும் மறைக்கவில்லை. பெரியவர் ஆசி இல்லாத கல்யாணமா என்று மாப்பிள்ளை வீட்டார் இழுக்கிறார்கள். நசியேக்குவின் முகம் வாடித்தான் கிடக்கிறது. ஆனாலும் நேற்றுக் காலையில் எனக்கு முன்பே கடப்பாரையோடு போய்விட்டாள்.

வருகிற செவ்வாய் அவர்கள் மறுபடி வருகிறார்கள், இன்னும் நிறைய ஆட்களோடு. அண்ணன் பக்கம் நிற்பதென்றால் நீங்கள் பஸ் ஏற வேண்டாம். அப்படியில்லை என்றால், திங்கட்கிழமைக்குள் வந்து சேருங்கள். கடவுள் உங்கள் வழியெல்லாம் மழை பெய்விக்கட்டும்.

நாங்கள் பன்னிரண்டு பேர்தான். மரங்கள் அதிகம்.

இப்படிக்கு,
நோல்கிசருனி