ஒரே இழுப்பு

பொதட்டூர்பேட்டை
20-7-1946

கோதண்டம் பாவாவுக்கு,

சுகம் விசாரிக்கும் மனநிலையில் இல்லை.

முதல் பாதியில் எதிர் டீம் நாகராஜன் என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தான். கோல் எதிரே. ஃப்ரீ கிக் கொடுத்தீர்கள். பிற்பாதியில் அவனை நான் இழுத்தேன். அதே இடம், அதே இழுப்பு. என்னை வெளியே போகச் சொன்னீர்கள்.

ஃபுட்பால் சங்கம் எனக்கு ஒரு வருஷம் தடை போட்டிருக்கிறது. பட்டணத்து மில் டீமில் ஆட்டத்தோடு வேலையும் தருவதாக இருந்தார்கள். தடை நீங்கினால் வா என்கிறார்கள். நடந்ததைச் சங்கத்துக்கு எழுதுங்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.

துளசிங்கம்

*

திருத்தணி
24-7-1946

மாப்பிள்ளைக்கு,

அன்று ஆடி முதல் நாள். காலையில் என் வீட்டில் உங்களுக்குத் தலை ஆடி விருந்து. வெற்றிலை போட்ட வாயோடு இருவரும் ஒரே ரயிலில் அரக்கோணம் போய் இறங்கினோம். எதிர் டீம் பார்த்தது. "ரெஃப்ரீ வாயப் பார்றா, மச்சான் மடிச்சுக் குடுத்த வெத்தல." முதல் பாதி முழுக்க இதே கூச்சல். அதற்குப் பிறகும் நீங்கள் கையை நீட்டினீர்கள்.

இப்போது எழுதினால் தங்கை புருஷனுக்காக என்பார்கள். என் விசிலுக்கு மரியாதை போகும். எழுத மாட்டேன்.

கெங்கம்மாள் சுகம். ஆவணி பிறந்ததும் வந்து அழைத்துப் போங்கள்.

கோதண்டம்

*

பொதட்டூர்பேட்டை
18-8-1946

ரெஃப்ரீ அவர்களுக்கு,

ஆவணி பிறந்தது. நான் வரவில்லை.

கூச்சலுக்குப் பயந்து ஊதினீர்கள். அவனுக்கு ஒரு நியாயம், உறவுக்காரனுக்கு ஒரு நியாயம். அந்த உறவை எடுத்துவிட்டேன். கெங்கம்மாள் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். இனி நான் யாரோ. யாரோ ஒருவனுக்காக எழுதலாமே.

தடை நீங்கட்டும். அவளை அழைப்பதைப் பிறகு பார்க்கலாம்.

துளசிங்கம்

*

திருத்தணி
26-8-1946

திரு. துளசிங்கம்,

எழுதினேன். இரண்டும் ஒரே தப்பு, இரண்டு விதமாக ஊதினேன் என்று. நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

செயலாளர் படித்துவிட்டுச் சிரித்தார். "ஆவணி பொறந்தும் தங்கச்சி உங்க வூட்லதான் கீதாமே. அத்த அனுப்பி வெக்கத்தான இத்த எழுதிகினு வந்தீங்க?"

காகிதம் திரும்பி வந்தது. தடை நிற்கிறது. இனி எந்த ஆட்டத்துக்கும் என்னைக் கூப்பிடுவதில்லை என்றும் சொல்லிவிட்டார்.

உங்கள் கடிதத்தைக் கெங்கம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரியை மறுபடி படிக்கச் சொன்னாள். பிறகு, "வர வேணாம்னு எழுதுண்ணா" என்றாள்.

எழுதிவிட்டேன்.

கோதண்டம்