புள்ளிக்கு முன்னால் ஒரு சாய்கோடு

அன்புள்ள உர்மாஸ்,

இவ்வளவு நேரங்கெட்ட நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். நீயும் நம் குழந்தை லீசுவும் நலமா? ஹெல்சிங்கியில் நான் நன்றாகத்தான் இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

அலுவலகத்தில் ஒரு சின்னக் குழப்பம். பெயரில் ‘1.5’ உள்ள பழைய கோப்புகளை மட்டும் அழிக்க ஒரு கட்டளை எழுதி, கூட வேலை செய்யும் யூக்காவுக்கு அரட்டைச் செயலியில் அனுப்பினேன். இப்படித் தேடும்போது வெறும் புள்ளி எந்த எழுத்தோடும் பொருந்திவிடும். புள்ளியை மட்டும் பிடிக்க அதன்முன் ஒரு சாய்கோடு வேண்டும். நான் போட்டிருந்தேன். ஆனால் அவர் அதைக் கணினியில் ஓட்டியதும் 115, 125 என்று இருந்தவையெல்லாம் அழிந்துபோயின.

“நான் போட்ட கோட்டை நீங்கதானே எடுத்தீங்க?”

“அட தாயே, எனக்கு வந்ததுலயே கோடு இல்ல. அந்தச் செயலி எப்பவும் அத முழுங்கிடும்” என்று சிரித்தார்.

கோப்புகளை மீட்டுவிட்டோம். ஆனால் முழுங்கும் என்று தெரிந்தவர் ஏன் பார்க்காமல் ஓட்டினார்? என்னை வேலையில் நிரந்தரமாக்குவதா என்று வெள்ளிக்கிழமைதான் முடிவு செய்கிறார்கள்.

கம்பளிக் காலுறை இரண்டு அனுப்பு. லீசு இன்னும் என்னைத் தேடுகிறாளா என்று செய்தியில் இருமுறை கேட்டேன். மற்ற எல்லாவற்றுக்கும் பதில் போட்டாய், அதற்கு மட்டும் இல்லை. அதனால்தான் தாளில் கேட்கிறேன். சீக்கிரம் பதில் எழுது.

காய்டி