மணிகள் பறக்கும் உயரம்

அன்புள்ள சொலான்ஜ்,

நீயும் ஒடீலும் நலம்தானே? உன் அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே ஜெர்மனியில் எனக்கு ஒரு குறையும் இல்லை, காப்பியைத் தவிர.

ஏழு வயதாகியும் ஒடீல் ஈஸ்டர் மணிகளை நம்புகிறாள் என்று எழுதியிருந்தாய். இந்த வருடமும் நம்பட்டும். எனக்கு ஈஸ்டருக்கு விடுமுறை கிடைக்கவில்லை.

எங்கள் பிரான்சில் பெரிய வியாழனன்று கோயில் மணிகள் ரோமுக்குப் பறந்துபோய், ஈஸ்டர் காலையில் முட்டைகளோடு திரும்பும் என்று வீட்டுக்கார அம்மாளின் மகள் ஃப்ரீடாவிடம் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"போங்க மாமா, மணி எங்கயாவது பறக்குமா? முட்டை கொண்டு வர்றது முயல்தான்."

"முயல் முட்டை போடுமா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

குழந்தையின் முகம் வாடிவிட்டது. சமையலறையில் அவள் அம்மா கரண்டியை வைத்த சத்தத்தில், எனக்கு வேறு அறை தேடவேண்டி வருமோ என்று தோன்றியது. உடனே, மணிகள் முட்டைகளை மேலிருந்து போடும், முயல் அவற்றைப் புதரில் ஒளித்துவைக்கும் என்று சமாதானம் பேசினேன்.

"அப்ப சரி. மணிக்குத்தான் கை கிடையாதே, பாவம்," என்றாள் ஃப்ரீடா. பிரான்சும் ஜெர்மனியும் இவ்வளவு சுலபமாக எதற்கும் ஒத்துப்போனதில்லை.

ஓர் உதவி செய். முட்டைகளை ஒளிக்கும்போது முக்காலியில் ஏறி, வருடாவருடம் நான் வைப்பதுபோல், என் கைக்கு எட்டும் பேரிக்காய் மரக் கிளைகளிலும் இரண்டு வை. எல்லாம் உன் தோள் உயரத்திலேயே கிடைத்தால், அப்பா ஊரில் இல்லாத வருடம் மணிகள் ஏன் தாழப் பறந்தன என்று ஒடீல் யோசிப்பாள். அந்த யோசனை அவளுக்கு வரும் நாளில் நானும் அங்கே இருக்க வேண்டும்.

ஆலைச் சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

உன்
ரெமி