சமையலறைப் படம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

இங்கே நான் சுகம். அம்மாவின் இருமல் குறைந்ததா? உன் முதுகுக்குத் தைலம் தேய்க்கிறாயா?

நேற்று ஆர்க்கிடெக்ட் ஒருவர் கட்டிய புது வீட்டைப் படமெடுத்தேன். வழக்கம்போல வீட்டுக்காரர்களை முதலில் வெளியே அனுப்பினேன். எங்கள் தொழிலில் வீடுதான் தெரிய வேண்டும், ஆள் தெரியக் கூடாது. சாப்பிடும்போது, நம் புதுச் சமையலறையை, அதைக் கட்டிக்கொடுத்த இன்ஜினியர் எடுத்ததாக நீ அனுப்பிய படத்தை அந்த ஆர்க்கிடெக்டிடம் பெருமையாகக் காட்டினேன்.

"என்னண்ணே, அலமாரிய எடுக்கச் சொன்னா அண்ணிய எடுத்திருக்காரு!" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். பிறகுதான் படத்தை உற்றுப் பார்த்தேன்.

அலமாரி பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. நடுவில் நீ வாய்விட்டுச் சிரிக்கிறாய். நம் கல்யாணப் படத்தில்கூட இப்படிச் சிரிக்கவில்லை. அப்படி என்னதான் சொன்னார் அந்த இன்ஜினியர் மனுஷர்? மறைக்காமல் எழுது. உன்மேல் சந்தேகமில்லை. ஆனால் போட்டிக்கு வந்தவன் என் வாடிக்கையாளரை இழுத்தபோதுகூட வயிறு இப்படி எரிந்ததில்லை.

இனி அவர் வரும்போது உன் தம்பியும் கூட இருக்கட்டும். வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். தம்பியை விட்டு இன்னொரு படம் எடுத்து அனுப்பு. என்னைப் பார்த்துச் சிரிப்பதாக நினைத்துச் சிரி. அலமாரி தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

பாப்பாவின் அப்பா