எடுக்காமல் விட்ட முதல் பதிவு

இன்று காலை மன்னார்குடிக் கடையில் ஒரு கணினியில் புது மென்பொருளை ஏற்றிவிட்டு, அது உள்ளே எதையெல்லாம் மாற்றியது என்ற பட்டியலை அச்செடுத்தேன். சேர்த்தவை, நீக்கியவை, மாற்றியவை. இருபத்தேழு பக்கம். சூடான தாளின் வாசனை முகத்தில் அடித்ததும் முதல் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. அந்த ஐப்பசி மழைநாள் வந்து நின்றுவிட்டது.

கல்லூரியில் ஒரே பெஞ்சில் இருந்த நாம் இருவரும் சேர்ந்து இந்தக் கடையைப் போட்டபோது நீ ஒரே ஒரு விதி வைத்தாய். எதை ஏற்றினாலும், அதற்கு முன் கணினி இருக்கும் நிலையை ஒரு பதிவாக எடுக்க வேண்டும். ஏற்றிய பின் இன்னொன்று. இரண்டையும் ஒப்பிட்டால் மாறியது தெரிந்துவிடும். "அது நம்மகிட்ட சொல்லாம செய்யும்டி. நாமதான் பாத்து வச்சுக்கணும்" என்பாய்.

அந்த மழைநாளுக்கு முதல்நாள், ஊரில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குத் தனியாகப் போனவள் நான். ரத்தக் குப்பிகளில் ஒட்டும் ஸ்டிக்கர் பிரிண்டருக்கான மென்பொருள், பத்து நிமிட வேலை. பதிவு எடுக்கப் பொறுமையில்லை. ஏற்றிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை அழைத்தார்கள். ரத்த அணுக்களை எண்ணும் இயந்திரம் கணினியோடு இணையவில்லை, எண்ணிக்கை எதுவும் வரவில்லை. இருவரும் நனைந்துகொண்டே ஓடினோம். வெளி பெஞ்சில் ஏழு வயதுப் பெண்குழந்தை, டெங்குக் காய்ச்சல், கண் திறக்காமல் அப்பா மடியில் கிடந்தாள். அவர் நடவு வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்திருந்தார்.

"பிளேட்லெட் எவ்வளவுன்னு தெரிஞ்சாதான் இங்க வச்சுக்கறதா, தஞ்சாவூர் அனுப்பறதான்னு சொல்ல முடியும். வெளியில குடுத்தா ரிசல்ட் வர சாயங்காலம் ஆயிடும்" என்றார் டாக்டரம்மா.

நீ நாற்காலியில் உட்கார்ந்தாய். "நேத்து பதிவு எடுத்தியா கலா?"

"எடுத்தேன்."

பென்டிரைவில் ஆறு மாதத்துக்கு முன் அதே கணினியில் எடுத்த பதிவு இருந்தது. அதைத்தான் கொடுத்தேன். ஒப்பிட்டபோது ஆயிரக்கணக்கில் மாற்றங்கள் வந்து கொட்டின. நீ ஒவ்வொரு வரியாகப் பார்த்தாய். "ஒரு நாள்ல இவ்வளவு எப்படிடி மாறும்?" என்றாய். நான் பிரிண்டர் வயரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். வெளியே குழந்தை வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. அவள் அப்பா கதவோரம் வந்து நின்றார்.

"சரியாயிடுங்களாம்மா?"

"பாத்துக்கிட்டே இருக்கோம் அண்ணே" என்றாய்.

அவர் நகர்ந்ததும் சொல்லிவிட்டேன். "நான் நேத்து எடுக்கல. இது பழசு."

நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எத்தன மணிக்கு ஏத்துன?"

"பதினொன்னு, பதினொன்னேகால்."

அந்த நேரத்தில் மாறிய கோப்புகளை மட்டும் தேடினாய். நாற்பதுக்குள் அடங்கின. அதில் ஒன்று இயந்திரத்துக்கு உரியது. நான் ஏற்றிய மென்பொருள் அதை அழித்து, அதே பெயரில் தன்னுடையதை வைத்திருந்தது. இயந்திரத்தோடு வந்த சிடியிலிருந்து பழையதை எடுத்துப் போட்டாய். இயந்திரம் ஓடத் தொடங்கியது. எண்ணைப் பார்த்த டாக்டரம்மா உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது பாமணி ஆற்றுப் பாலத்தில்தான் வாய் திறந்தாய். "பழச வச்சுத் தேடினதுல இருபது நிமிஷம் போச்சு கலா." அவ்வளவுதான். பத்து நாள் கழித்து குழந்தை பிழைத்து வந்தாள் என்று கேள்விப்பட்டபோது கழிவறைக்குள் போய் அழுதேன். நீ அதைப் பற்றி மறுபடி பேசவே இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நீ நோய் முற்றிப் படுத்திருந்தாய். உன் வீட்டுக்காரர் சிங்கப்பூரில். மருத்துவர் என்னைத் தனியே அழைத்துப் பேசினார். உள்ளே வந்ததும் நீ என் முகத்தையே பார்த்தாய்.

"என்ன சொன்னாங்க?"

'ஒன்னுமில்லடி, சரியாயிடும்' என்பது நாக்கு நுனி வரை வந்தது. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"மருந்து கேக்கலையாம். பத்து நாள் தாங்கறதே சந்தேகம்ங்கறாங்க."

நீ ஜன்னல் பக்கம் திரும்பினாய். பிறகு, "அவர உடனே கெளம்பி வரச் சொல்லு" என்றாய்.

வந்தார். உங்கள் இருவருக்கும் நான்கு நாள் கிடைத்தது. கடைசி நாளன்று அவர் ஏதோ சொல்ல, நீ சிரித்தது வராந்தாவில் இருந்த எனக்குக் கேட்டது. அந்தச் சிரிப்பை இன்னும் வைத்திருக்கிறேன்.