ஜூன் மாத அளவு

மார்ச் 4, செவ்வாய்

இல்லை, பிடிக்கவில்லை என்று நான் சொல்லவே இல்லை. விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தேன், அவ்வளவுதான். அதற்குள் கடைப்பெண் உடையை மடிக்க ஆரம்பித்துவிட்டாள். முகத்தைப் பார்த்தே கணக்குப் போட்டுவிடுகிறார்கள்.

முப்பத்தொன்றாயிரம். என் பட்டியலில் 'உடை' என்ற வார்த்தைக்கு நேராக இருப்பது பன்னிரண்டாயிரம்.

போட்டுப் பார்க்கும் அறை ஒரு ஆள் நிற்கும் அகலம். முதுகில் பதினாறு பொத்தான். கீழிருந்து ஆறு வரைதான் என் கை எட்டியது. மீதி பத்தும் திறந்தபடி கண்ணாடியில் நின்றேன். முன்பக்கம் கல்யாணப் பெண், பின்பக்கம் வேறு யாரோ.

"கூட யாரும் வரலையா மேடம்?"

"வேலையா இருக்காங்க."

யார் என்று அவள் கேட்கவில்லை. நல்லவேளை.

மார்ச் 6, வியாழன்

அலுவலகத்தில் இன்று நூற்றுப்பத்துப் படிவங்கள். ஆய்வுக்காக யாரோ வீடு வீடாகப் போய்க் கேட்டு நிரப்பியவை. நான் அவற்றை எண்களாக மாற்றுகிறேன். பதினான்காம் கேள்வி: திருமண நிலை. ஆகாதவர் 1, ஆனவர் 2, பிரிந்தவர் 3, துணையை இழந்தவர் 4.

அக்கா 1. எட்டு வருடம் முன்பும் 1, இப்போதும் 1. நடுவில் நடந்ததற்கு எண் கிடையாது.

மே மாதம் நான் 2 ஆவேன்.

மார்ச் 9, ஞாயிறு

நான் கட்டிக்கொள்ளப்போகிறவன் கூப்பிட்டான். புதுப் பாலம் கட்டுமிடத்தில் வேலை. ஞாயிறு மட்டும்தான் பாலத்தின் இந்தக் கரைக்கு வருகிறான். அந்தக் கரையில் போன் எடுப்பதில்லை. பேச்சில் பாதியைக் காற்று தின்றுவிடுகிறது.

உடை விலையையும் என் பட்டியலில் இருப்பதையும் சொன்னேன். "எவ்ளோ நேரம் போட்டிருப்ப?" என்றான்.

"அஞ்சு மணி நேரம்."

"அப்போ பன்னிரண்டாயிரம்னாலே மணிக்கு ரெண்டாயிரத்து நானூறு. எங்க கிரேனுக்கே அவ்ளோ வாடகை இல்லை."

சிரித்தேன். பிறகு அவன், "நீ எதைப் போட்டாலும் எனக்குச் சரிதான்" என்றான். அன்பாகத்தான் சொன்னான். எனக்கு ஏனோ யாருமே பார்க்கப்போவதில்லை என்று கேட்டது.

மார்ச் 11, செவ்வாய்

அம்மா சொல்லிவிட்டாள். சொல்வாள் என்று தெரியும். நான் சொல்லாமல் காத்திருந்தேன் என்பதும் எனக்குத் தெரியும்.

"அதான் அவ பீரோவுல ஒண்ணு தொங்குதே. ஒரு நாள் உடம்புல படாத டிரஸ். ரெண்டு பேரும் ஒரே உயரம். பன்னிரண்டாயிரம் என்ன மரத்துலயா காய்க்குது?"

அக்காவின் உடை. சந்தன நிறம், நீளக் கை, முதுகில் துணி போர்த்திய பொத்தான்கள். கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது மாப்பிள்ளையின் அண்ணன் வந்தார். ஒரு செம்பு தண்ணீர் குடித்தார். நடக்காது என்றார். போய்விட்டார். எனக்கு அப்போது பதினெட்டு. வாடகைக்குச் சொல்லியிருந்த நூறு நாற்காலிகளை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரும்படி அம்மா என்னை அனுப்பினாள். அந்தக் கல்யாணத்தில் என் பங்கு அதுதான்.

அதன் பிறகு அந்த உடையைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. அக்காவைப் பற்றியும்தான் என்று எழுதலாம். அவள் காலை ஆறரைக்குப் பரிசோதனைக் கூடத்துக்குப் போகிறாள், ஊரார் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறாள், மூன்று மணிக்கு வருகிறாள், கதவைச் சாத்துகிறாள். நான் என் கதவைச் சாத்துகிறேன்.

மார்ச் 12, புதன்

கேட்டேன். அவள் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள் – முழங்கை வரை, ஒவ்வொரு விரலாக, எப்போதும் போல.

"அக்கா, உன் டிரஸ்ஸை நான் எடுத்துக்கட்டுமா? கொஞ்சம் மாத்தித் தைச்சு."

"எடுத்துக்கோ. எனக்கு எதுக்கு."

திரும்பவில்லை. குழாயை மூடினாள். திரும்பவும் திறந்து இன்னொரு முறை கழுவினாள்.

"மே ரெண்டாம் தேதி லீவு போட்டுட்டியா?" என்றும் கேட்டேன்.

"அன்னைக்கு எனக்கு டூட்டி. ஆள் இல்லை."

சரி என்றேன். அலுவலகத்தில் 'ஆட்சேபம் இல்லை' என்று போடுவோமே, அது போல.

மார்ச் 15, சனி

உடையின் கழுத்துக்குள் சிறிய துணிச்சீட்டு, அதில் தையல்கடை முகவரி. தைத்த கைதான் பிரிக்க வேண்டும் என்று அங்கேயே கொண்டு போனேன். மருந்துக்கடைக்கு மேலே, ஏணி மாதிரி செங்குத்தான படி. தையல்கார அம்மா வாயில் குண்டூசிகளோடு பேசுகிறவர். ஒன்றும் விழவில்லை.

பையிலிருந்து பாதி எடுப்பதற்குள் சொன்னார்: "என்ன இந்தத் தடவை மார்ச்லயே வந்துடுச்சு? ஜூன்லதானே வரும். அவங்க வரலையா?"

எனக்குப் புரியவில்லை. அவருக்கு நான் யாரென்று புரியவில்லை. தங்கை என்றேன், எனக்குக் கல்யாணம் என்றேன்.

அவர் அளவு நாடாவை நம்புவதில்லை. ஒருமுறை யாருடைய இடுப்பையோ முப்பத்தொன்று என்று எழுதிவைத்து, பிறகு முப்பத்தேழு என்று படித்து வெட்டிவிட்டாராம். "அந்தம்மா அதைப் போட்டுட்டு என் கடை வாசல்ல நின்னுச்சு பாரு, ரெண்டு பேர் உள்ள போகலாம். அன்னைலேர்ந்து காகிதம்தான்." செய்தித்தாளை நீளப் பட்டையாகக் கிழித்து உடம்பில் சுற்றி, தோளுக்கு ஒன்று, மார்புக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று எனக் கத்தரியால் வெட்டுக்குறி போடுகிறார். சுவரில் ஆளுக்கு ஒரு ஆணி, அதில் மாட்டிவைக்கிறார்.

அக்காவின் ஆணியிலிருந்து ஒரு கொத்தை எடுத்து மேஜையில் போட்டார். எட்டுப் பட்டைகள். கல்யாணத்துக்கு எடுத்தது ஒன்று. அதன் பிறகு ஒவ்வொரு ஜூனுக்கும் ஒன்று.

"வருஷத்துக்கு ஒரு தடவை வருவாங்க. அளவு எடுப்பேன். ஏறியிருந்தா பிரிச்சு விடுவேன், இறங்கியிருந்தா பிடிப்பேன். போட்டுப் பாத்துட்டு எடுத்துட்டுப் போயிடுவாங்க. எதுக்குன்னு நான் கேட்டதில்லை. கூலி ஒழுங்கா வருது."

உடையை உள்பக்கம் திருப்பிக் காட்டினார். பக்கத் தையலை ஒட்டி வரிசை வரிசையாகப் பழைய ஊசித் துளைகள்.

பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். இடுப்பின் வெட்டுக்குறி வருடத்துக்கு ஒரு நூல் அளவு வெளியே போகிறது. நான்காவது பட்டையில் மட்டும் இரண்டு விரல் உள்ளே. அந்த வருடம் என்ன? சாப்பிடவில்லையா? காய்ச்சலா? அது நான் இளங்கலைக் கடைசித் தேர்வு எழுதிய வருடம். அடுத்த அறையில்தான் இருந்தேன். சுவர் ஒன்றுதான்.

"இப்ப உங்களுக்குத்தானே? பிரிக்கட்டுமா?" என்றார்.

இங்கே உண்மையை எழுத வேண்டும். பிரியுங்கள் என்று சொன்னேன். பன்னிரண்டாயிரம் மிச்சம் என்று மனம் ஒரு பக்கம் கூட்டிக்கொண்டே இருந்தது. எனக்குச் சுற்றிய பட்டையில் குறி விழுந்தபோது, அவள் 'எடுத்துக்கோ' என்றுதானே சொன்னாள், என்றும் நினைத்தேன்.

"இந்த வாரம் பிரிச்சு வைக்கிறேன். வெட்டுறது அடுத்த சனிக்கிழமைதான். மேஜை அன்னைக்குத்தான் காலி. பிரிச்சதைத் திரும்பப் பிடிக்கலாம். வெட்டிட்டா என்கிட்ட வராதீங்க."

மார்ச் 17, திங்கள்

எண்பது படிவங்கள். திருமணம் ஆகாததற்குக் காரணம் என்ற கேள்விக்கு ஒருத்தி 'விருப்பப்பட்டு' என்று சொல்லியிருந்த இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதைச் சொல்லும்போது கேட்டவர் எதிரே இருந்திருப்பார். அம்மா பக்கத்து அறையில் இருந்திருப்பாள். குழாய் ஓடியிருக்கும்.

மார்ச் 18, செவ்வாய்

அக்காவின் பீரோ கொஞ்சம் திறந்திருந்தது. உடை தொங்கிய காலி மாட்டியை அவள் எடுக்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

யாரிடம் சொல்வது? அவனிடம் என்றால் ஞாயிறு வரை காத்திருக்க வேண்டும். துணியை வெட்டும் சனிக்கிழமை அதற்கு முன்னால் வருகிறது. அம்மாவிடம் சொன்னால் அக்காவின் எட்டு வருடமும் இன்று மாலையே சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிடும். "பைத்தியமாடி உனக்கு?" என்று ஆரம்பிப்பாள், அழுதுகொண்டே முடிப்பாள். அக்காவிடம்? நீ ஜூன் மாதம் எங்கே போகிறாய் என்று எனக்குத் தெரியும் – இதை எப்படி ஒரு மனுஷி இன்னொரு மனுஷிகிட்ட சொல்லுவா.

கல்யாணம் என்றால் கூட்டம் என்று நினைத்திருந்தேன். இந்த ஒரு மாதம் போல் நான் தனியாக இருந்ததே இல்லை.

மார்ச் 21, வெள்ளி

மேலாளரிடம் பல்வலி என்று சொல்லிவிட்டு மூன்று மணிக்குக் கிளம்பினேன். படியேறும்போதே தையல் இயந்திரச் சத்தம். உடை மேஜையில் கிடந்தது. ஒரு பக்கம் முழுக்கப் பிரிந்து, உள்பக்கம் தெரிய.

"வேண்டாம். பழையபடி வெச்சிடுங்க."

குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தார். அவை இல்லாமல் அவர் முகம் வயதானது. "எந்தப் பழையபடி? எட்டு இருக்கு."

"போன ஜூன்."

கடைசிப் பட்டையை எடுத்து விரித்தார். கூலி எண்ணூறு என்றார், பிறகு எனக்காக ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். இரண்டு மணி நேரம். நூல் கூட அதே நிறம் தேடி வைத்தார். முதலில் இருந்த துளைகளிலேயே ஊசி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் இறங்கியது.

வீட்டில் அம்மா: "என்ன, திரும்பக் கொண்டு வந்துட்ட?"

"எனக்குப் பொருந்தலம்மா."

"பொருந்தாம என்ன? ரெண்டு பேரும் ஒரே அச்சு."

"தோள் சரியில்லை."

அக்கா தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். எங்கள் இருவருக்கும் தோள் ஒன்று. அவளுக்குத் தெரியும். உடையை அவள் மாட்டியில் நானே மாட்டினேன்.

மார்ச் 23, ஞாயிறு

அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காற்று அதில் எவ்வளவு தின்றதோ. கடைசியில், "உங்க அக்கா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டான். எட்டு வருடத்தில் இதை நான் ஒருமுறையும் கேட்கவில்லை.

தெரியாது என்றேன்.

மார்ச் 26, புதன்

சாதாரணப் பருத்தி, வெள்ளையும் இல்லாமல் மஞ்சளும் இல்லாமல். துணி மூவாயிரத்து நூறு. தைக்க ஆயிரத்து ஐந்நூறு; சனிக்கிழமை அதே கடைக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அக்காவுடையதைப் பிடித்த எண்ணூறையும் சேர்த்தால் ஐயாயிரத்து நானூறு. பன்னிரண்டில் பாதிகூட ஆகவில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

பொத்தான் முன்னால் வைக்கச் சொல்வேன். நானே போட்டுக்கொள்ளலாம்.

மார்ச் 28, வெள்ளி

அக்கா என் கதவைத் தட்டினாள். தட்டினாள் என்பதே செய்தி. உள்ளே வரவில்லை, நிலையில் சாய்ந்து நின்றாள். கையில் கிருமிநாசினி வாசனை.

"மாட்டியோட கொக்கி இந்தப் பக்கம் பாத்து இருக்கு. நான் அந்தப் பக்கம் மாட்டுவேன்."

"சாரிக்கா."

"ஒரு பக்கம் நூல் புதுசு."

பேனாவை மூடி வைத்தேன்.

"எதுக்குன்னு கேக்க மாட்டியா?"

"மாட்டேன்."

"கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது." கொஞ்சம் யோசித்தாள். "பல் டாக்டர்கிட்ட போற மாதிரின்னு வெச்சுக்கோ. வருஷத்துக்கு ஒரு தடவை. போகலைன்னா ஏதோ கெட்டுப்போகும்னு தோணும். அவனுக்காக இல்லை. அவன் மூஞ்சியே மறந்து போச்சு."

"நாலாவது வருஷம் ரொம்ப இளைச்சிருந்த."

அவள் என்னை நேருக்கு நேர் பார்த்து நெடுநாள் ஆகிறது.

"ஆமா," என்றாள். "இளைச்சிருந்தேன்."

போகும்போது, "நாளைக்கு எத்தனை மணிக்குத் தையல்கடை?" என்றாள்.

மார்ச் 29, சனி

அக்கா முன்னால் படியேறினாள். எந்தப் படி ஆடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. "அதுல கால் வைக்காத" என்று திரும்பாமலே சொன்னாள்.

தையல்கார அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ சரி," என்று மட்டும் சொல்லிவிட்டு என் பட்டையை எடுத்தார். போன தடவை அவசரத்தில் எடுத்தது, திரும்ப எடுக்கலாம் என்றார். காகிதத்தின் மறுமுனையை அக்கா பிடித்துக்கொண்டாள். அவள் விரல் என் முதுகில் ஐஸ் மாதிரி இருந்தது. "மூச்சை இழுக்காத, ஒழுங்கா நில்லு," என்றாள், ஊசி போட வந்த நோயாளியிடம் சொல்வது போல.

"பொத்தான் முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால," என்றேன்.

"பின்னால வைங்க," என்றாள் அக்கா.

"பின்னாலன்னா முந்நூறு கூட ஆகும். துணி போர்த்தணும். அப்புறம் போட்டு விட ஒரு ஆள் வேணும்."

"பின்னால வைங்க. நான் போட்டு விடுறேன்."

"உனக்கு டூட்டின்னு சொன்ன."

"மாத்திக்கிட்டேன்."

எப்போது மாற்றினாள் என்று கேட்கவில்லை. தையல்கார அம்மா என் பட்டையை மாட்ட ஆணி தேடினார். புது ஆணி எதற்கு என்று அக்கா தன் ஆணியைக் காட்டினாள்.

பேருந்தில் இரண்டு இருக்கை சேர்ந்தாற்போல் கிடைத்தது. அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தூங்கிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து, பட்டியலில் 5,400-ஐ அடித்துவிட்டு 5,700 என்று எழுதினேன்.